கோப்பையில் வாழும் பெயர்

ஜனவரி மாதம் பள்ளி விடுமுறை. வெளியே நல்ல வெயில். உங்க வீட்டு டிவியில் டென்னிஸ் ஓடுதா? மெல்பர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓபன் போட்டியை நீங்களும் பார்த்திருப்பீங்க.

பெண்கள் ஒற்றையர் போட்டியில் வெற்றி பெறுபவர் ஒரு பெரிய கோப்பையை வாங்குவார். அதைத் தூக்கிக் காட்டுவார், முத்தம் கொடுப்பார். அந்தக் கோப்பைக்கு ஒரு பெயர் இருக்கு, தெரியுமா? டாஃப்னி அக்ஹர்ஸ்ட் நினைவுக் கோப்பை. யார் இந்த டாஃப்னி? வாங்க, தெரிஞ்சுக்கலாம்.

டாஃப்னி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி சிட்னியில் ஆஷ்ஃபீல்ட் என்ற இடத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று இசை, இன்னொன்று டென்னிஸ். சனிக்கிழமை பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என்று ஓடும் உங்களை மாதிரித்தான் அவரும்! பள்ளி மாணவிகளுக்கான நியூ சவுத் வேல்ஸ் டென்னிஸ் போட்டியில் 1917 முதல் 1920 வரை தொடர்ந்து வென்றார். சிட்னி இசைக் கல்லூரியிலும் படித்தார். பிறகு இசை ஆசிரியராக வேலை செய்தார்.

ஏன் வேலை செய்யணும்? டென்னிஸில் பணம் கிடைக்காதா? அந்தக் காலத்தில் இந்தப் போட்டிகளில் வென்றால் பரிசுப் பணம் கிடையாது. மட்டைகளும் மரத்தால் செய்தவை. வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு, புல்தரையில் பெண்கள் ஓடி ஓடி விளையாடினார்கள்.

1925ஆம் ஆண்டு சிட்னியில் ஆஸ்திரேலியப் போட்டி நடந்தது. டாஃப்னிக்கு வயது 21. இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே நின்றவர் எஸ்னா பாய்ட். முதல் செட்டில் டாஃப்னி 1–6 என்று தோற்றுவிட்டார். ஒரே ஒரு கேம்தான் கிடைத்தது! அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன நினைப்போம்? இனிமேல் அவ்வளவுதான் என்று நினைப்போம், இல்லையா?

டாஃப்னி விடவில்லை. இரண்டாவது செட் நீண்டுகொண்டே போனது. ஒரு செட்டை வெல்ல ஆறு கேம் வேணும். ஆனால் எதிரியைவிட இரண்டு கேம் கூடுதலாகவும் இருக்கணும். இப்போது இருக்கும் டை பிரேக் அப்போது இல்லை. அதனால் இருவரும் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் டாஃப்னி 8–6 என்று வென்றார். மூன்றாவது செட்டையும் 6–4 என்று வென்றார். கோப்பை அவருக்கே!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டாஃப்னி வென்ற கேம்களைக் கூட்டுங்க: 1, 8, 6. மொத்தம் 15. எஸ்னாவுக்கு 6, 6, 4. மொத்தம் 16! அதிக கேம் வென்றவர் எஸ்னா. ஆனால் போட்டியில் வென்றவர் டாஃப்னி. ஒரு செட்டில் மோசமாகத் தோற்றாலும் அடுத்த செட் 0–0 என்றுதான் தொடங்கும். டென்னிஸில் இதுதான் அழகு.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் முதல் பெண்கள் டென்னிஸ் அணி வெளிநாடு போனது. அந்த அணியில் டாஃப்னியும் இருந்தார். கப்பலில் பல வாரம் பயணம் செய்துதான் இங்கிலாந்துக்குப் போகணும். 1928ஆம் ஆண்டு மறுபடியும் போனார். விம்பிள்டனில் அரையிறுதி வரை வந்தார்.

ஆஸ்திரேலியாவில் அவர் 1925, 1926, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஒற்றையர் போட்டியில் வென்றார். 1927இல் யார் வென்றார்? எஸ்னா பாய்ட்! அடுத்த ஆண்டு இருவரும் ஒரே அணியில் சேர்ந்து இரட்டையர் போட்டியில் வென்றார்கள். எதிரே நின்று விளையாடுபவர் நமக்கு எதிரி இல்லை, பார்த்தீங்களா? இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து டாஃப்னி மொத்தம் 14 முறை ஆஸ்திரேலியப் பட்டம் வென்றார்.

1930ஆம் ஆண்டு டாஃப்னிக்குத் திருமணம் நடந்தது. 1931இல் ஒரு இரட்டையர் பட்டம் வென்றபின் பெரிய போட்டிகளில் இருந்து விலகினார். அவருக்கு ஒரு மகன் பிறந்தான்.

அடுத்து வருவது சோகமான செய்தி. 1933ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி டாஃப்னி இறந்துபோனார். மறுபடியும் கர்ப்பமாக இருந்தபோது ஏற்பட்ட ஒரு சிக்கல்தான் காரணம். அவருக்கு வயது 29தான். மகன் இன்னும் சின்னக் குழந்தை.

டாஃப்னியை மறக்கக் கூடாது என்று 1934 முதல் அவர் பெயரில் கோப்பை கொடுக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஆஷ் பார்ட்டி அதை வாங்கினார். 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஒற்றையர் பட்டம் வென்ற ஆஸ்திரேலியர் அவர். அன்று கோப்பையை அவர் கையில் கொடுத்தவர் இவான் கூலகாங். அவரும் முன்பு அதே கோப்பையை நான்கு முறை வென்றவர்தான்.

அடுத்த ஜனவரியில் அந்தக் கோப்பையை டிவியில் காட்டும்போது, பக்கத்தில் இருக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் கேளுங்க: டாஃப்னி யார் என்று தெரியுமா? தெரியாது என்றால், நீங்களே தமிழில் கதையைச் சொல்லுங்க.

பேசிப் பார்ப்போம்

1. டாஃப்னிக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள் என்ன? உங்களுக்குப் பிடித்த இரண்டு எவை?
2. 1925 இறுதிப் போட்டியில் முதல் செட்டுக்குப் பிறகு என்ன நடந்தது?
3. 1930 இறுதிப் போட்டியில் டாஃப்னி, சில்வியா ஹார்ப்பரை 10–8, 2–6, 7–5 என்று வென்றார். இருவருடைய கேம்களையும் தனித்தனியாகக் கூட்டுங்க. விடை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்!
4. நீங்கள் முதலில் தோற்று, பிறகு வென்றது உண்டா? நண்பரிடம் தமிழில் சொல்லுங்க.