லைக்கும் இல்லை, சைட்டேஷனும் இல்லை: சுப்பாராவ் கதை

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை லிங்க்ட்இன்ல போட்டா எத்தனை லைக் வரும்? அதையே பேப்பரா எழுதினா எத்தனை சைட்டேஷன் வரும்? நம்ம தலைக்குள்ள ஓடுற இந்த ரெண்டு கணக்கும் மருத்துவ ஆராய்ச்சியிலும் ஓடுது. ஒரு ஆய்வை மற்ற ஆய்வுகள் எத்தனை முறை குறிப்பிடுகின்றன என்பது பழைய கணக்கு. எத்தனை செய்தி, எத்தனை ட்வீட் என்று எண்ணுவது புதிய கணக்கு, பேரு ஆல்ட்மெட்ரிக்ஸ். எது உண்மையான அளவுகோல்னு இன்னும் சண்டை தீரலை. இந்த ரெண்டு கணக்குமே வர்றதுக்கு முன்னாடி இறந்துபோன ஒருத்தரை வச்சு இதைப் பார்ப்போம், வாங்க.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. மெட்ரிக் பாஸ் பண்ணவே அவருக்கு மூணு அட்டெம்ப்ட் ஆச்சு (அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்கவும்!). பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னார் என்று கதர் அணிந்து வந்தது ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கும் கீழான எல்.எம்.எஸ். தான். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இரண்டு சகோதரர்களை இழந்தார். அவரையும் அந்த நோய் விடவில்லை, எப்படியோ பிழைத்தார்.

1922-ல் பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவும் வேலை. 1925-ல் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தின் அடர்த்தியை வைத்தே சொல்லும் ஒரு முறையை வெளியிட்டார். பயோடெக் படிக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்க, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை தெரிஞ்சிருக்கும். உயிர்வேதியியலில் மிக அதிகமாகச் சைட் செய்யப்பட்ட பேப்பர்களில் அதுவும் ஒன்று. அந்த முறையை வைத்தே நம் செல்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.-யை 1929-ல் இருவரும் அறிவித்தார்கள்.

ஆனா ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அங்கே அவர் கண்டுபிடித்த சில பொருட்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமலே போய், பிற்பாடு மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். வெளிவராத பேப்பருக்கு எந்தக் கணக்கிலும் பூஜ்யம்தானே?

1940-ல் லெடர்லே என்ற மருந்து கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்தாகிறதே, அதே ஃபோலிக் அமிலம். அதைத் தடுக்கும் மருந்துகளையும் அந்தக் குழுவே செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் வந்த அந்தப் புகழ்பெற்ற பேப்பரில் ஐந்து ஆசிரியர்கள். சுப்பாராவ் பெயர் அந்த ஐந்தில் இல்லை. ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார். ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியைக் கடைசிவரை திரும்பப் பார்க்கவே இல்லை.

இப்போ மார்க் போடுங்க. சைட்டேஷன் கணக்கில் பாஸ்பரஸ் முறைக்கு ஏகப்பட்ட மார்க், குழந்தைகளின் புற்றுநோய் மருந்துக்கு அவர் பெயரில் ஒன்றும் ஏறாது. அப்போ ஆன்லைன் கணக்கு சரியா? அதுவும் இல்லை. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் எல்லாவற்றையும் அவர் ஒருத்தரே கண்டுபிடித்த மாதிரி வரும். ஏ.டி.பி.-யை அதே 1929-ல் ஜெர்மனியில் லோமனும் கண்டுபிடித்தார். ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் லெடர்லேயில் இருந்த பெஞ்சமின் டக்கர். ஒரு கணக்கு குறைச்சுக் கொடுக்குது, இன்னொண்ணு கூட்டிக் கொடுக்குது.

ஆம்பூர்ல வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்லை. இங்கே தைக்கிற ஷூவில் ஏதோ ஒரு வெளிநாட்டு பிராண்டின் பேர்தான் இருக்கும். தைத்தவர் பேரைத் தேடினா கிடைக்காது. ஆனா ஷூ நல்லா இருக்கான்னு போட்டு நடக்கிறவருக்குத் தெரியும்.

சுப்பாராவையும் அப்படித் தேடிப் பாருங்க. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கு. யானைக்கால் நோயை ஒழிக்க தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை, 1947-ல் அவர் குழு கொண்டுவந்த ஹெட்ரசான்தான். முடக்குவாதத்துக்கு உங்க பாட்டி சாப்பிடுற மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே லெடர்லேயில் பிறந்ததுதான். மாத்திரை விழுங்குறவங்க யாரும் சைட் பண்றதில்லை, லைக்கும் போடுறதில்லை.

ரெண்டு கணக்கையும் தூக்கிப்போடச் சொல்லலை. வேலை கேட்கும்போது ரெண்டும் தேவைப்படும், எனக்கும்தான். ஆனா அடுத்த முறை ப்ராஜெக்ட் டாபிக் தேர்ந்தெடுக்கும்போது பேப்பர் எங்கே போடலாம்னு கேட்கிறதுக்கு முன்னாடி, இது யார் கைக்குப் போய்ச் சேரும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் என் ப்ராஜெக்ட்டுக்கு அதைக் கேட்கவே இல்லை. சுப்பாராவைப் பற்றிப் படித்த பிறகுதான் அது உறைச்சது.