கடலடியில் ஒரு கடமை வீரன்

ஊரைக் கொளுத்தும் குண்டைச் செய்தவர்களின் பெயர்களை உலகம் நன்றாக அறியும். அந்தக் கருவி கைமீறிப் போனபோது, தன் கை கொண்டு தடுத்து நிறுத்தியவனின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

செர்கெய் பிரெமினின்! தளபதியல்ல, விஞ்ஞானியல்ல. கட்டாயப் படைச் சேவைக்குப் போன சாதாரண மாலுமி.

ருஷ்யாவின் வடபுலத்தில், வோலக்தா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 1965 அக்டோபர் 18-ல் பிறந்தான் அவன். கே-219 என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில், அணு உலைப் பகுதியில் வேலை அவனுக்கு.

அந்தக் கப்பலின் கதையையும் கேளுங்கள். 1971-ல் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. அணு உலைகள் இரண்டு. ஏவுகணைக் குழாய்கள் பதினாறு. 1973-லேயே ஒரு குழாயில் விபத்து நேர்ந்தது. அந்தக் குழாயை மூடினார்கள். கப்பலை மட்டும் மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். ஒருமுறை எச்சரித்த இயந்திரம் மறுமுறை பழி வாங்காதா?

வாங்கியது! 1986 அக்டோபர் 3. அட்லாண்டிக் மாகடலில், பெர்முடாத் தீவுக்கு வடகிழக்கே கப்பல் இருந்தபோது, ஆறாவது குழாயில் கடல்நீர் புகுந்தது. ஏவுகணையின் திரவ எரிபொருள் வெடித்தது. நச்சுப்புகை பரவியது. கப்பல் கடல்மட்டத்துக்கு எழுந்தது. ஆனால் பேராபத்து உள்ளே காத்திருந்தது. உலையை அணைக்கத் தாமாக இறங்கவேண்டிய தடுப்புத் தட்டிகள் இறங்கவில்லை. அணையாவிட்டால் உலையே உருகக்கூடும். நஞ்சு கடலில் கலக்கக்கூடும். மனிதன் உள்ளே போய்க் கையால் சுழற்றித்தான் அவற்றை இறக்கவேண்டும்.

பெலிகோவ் என்ற அதிகாரியும் பிரெமினினும் போனார்கள். கொதிக்கும் அறை; கதிர்வீச்சைத் தடுக்கும் உடையும் இல்லை. பெலிகோவ் சோர்ந்து விழுந்தார். மிச்ச வேலையை முடிக்கத் தனியே திரும்பிப் போனான் பிரெமினின். கடைசித் தட்டியையும் இறக்கினான். உலை அணைந்தது!

திரும்ப வந்தான், கதவு திறக்கவில்லை. காற்றழுத்தம் அதை இறுக்கிவிட்டது. உள்ளே அவன் தள்ளினான். வெளியே தோழர்கள் போராடினார்கள். பயனில்லை. இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்குப் பதினைந்தே நாள் இருக்க, அங்கேயே மாண்டான்.

அக்டோபர் 6-ல் கப்பல் மூழ்கியது. அவன் உடலும், அணு ஆயுதங்களும், அவன் அணைத்த உலையும் ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றன. அதே வாரத்தில், 11-ம் 12-ம் தேதிகளில், ரேகனும் கோர்பச்சேவும் ரெய்க்ஜாவிக் நகரில் ஆயுதக் குறைப்புப் பேசினார்கள், உடன்பாடின்றிப் பிரிந்தார்கள்.

கப்பலைவிட்டுக் கடைசியாக இறங்கிய கேப்டன் பிரித்தானோவுக்குக் கிடைத்தது பாராட்டல்ல, வழக்கு. 1987-லேதான் அது கைவிடப்பட்டது. மாண்ட மாலுமிக்குச் செந்நட்சத்திர விருது வந்தது. ருஷ்ய நாட்டின் வீரர் என்னும் உயரிய பட்டமோ 1997-ல்தான் வந்தது. அவன் எந்தச் சோவியத் அரசுக்காக உயிர் கொடுத்தானோ, அந்த அரசே அதற்குள் மறைந்து ஆறாண்டு ஆகிவிட்டது!

மேலிடத்தார் மூடி மறைத்த பழுதுக்கு விலை கொடுப்பவன் எப்போதும் அடித்தட்டில் நிற்கும் தொழிலாளிதான். ஆலையிலும் அதுவே, ஆழ்கடலிலும் அதுவே. பழுதைக் கண்டால் வாய்திறந்து சொல்வோம், சொன்னவனைக் காப்போம். பட்டம் பிறகு வரட்டும். முதலில் கதவு திறக்கட்டும்!