ஜார்ஜ் சைமன் ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் (மார்ச் 16, 1789 – ஜூலை 6, 1854) ஜெர்மானிய இயற்பியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். வெப்பநிலை மாறாதிருக்கையில், ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் விதியைக் கண்டறிந்தவர். இது ஓமின் விதி எனப்படுகிறது. மின்தடையின் அலகும் இவர் பெயராலேயே வழங்குகிறது.

இளமை

ஓம் பவேரியாவிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. முறையான கல்வி பெறாதவர் எனினும், தாமே கற்றுத் தம் மக்களுக்குக் கணிதமும் அறிவியலும் பயிற்றுவித்தார். தாயார் ஓமின் பத்தாம் வயதில் இறந்தார். தம்பி மார்ட்டின் ஓமும் பிற்காலத்தில் கணிதவியலாளராகப் பெயர் பெற்றார்.

1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், படிப்பை விடுத்து நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்சிலும் பொழுதைக் கழித்தார். சினம் கொண்ட தந்தை மூன்று அரையாண்டுகளிலேயே படிப்பை நிறுத்தி அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். அங்கே கணித ஆசிரியராகப் பணியாற்றியபடி தாமாகவே உயர்கணிதம் கற்று, 1811இல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகப் பதவி எளிதில் கிட்டவில்லை. பள்ளி ஆசிரியராகவே பல ஆண்டுகள் கழிந்தன.

ஆய்வு

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஓமுக்குப் பணி கிடைத்தது. அங்கு நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. தேவையான கருவிகள் பலவற்றை அவரே செய்துகொண்டார். பூட்டுப் பட்டறையில் வளர்ந்தவருக்கு அது கடினமாக இருந்திராது.

1825இல் அவர் வெளியிட்ட முதல் வாய்பாடு சரியானதாக அமையவில்லை. அக்கால மின்கலங்களின் அழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே குறைந்துவிடும் என்பதே காரணம். இயற்பியலாளர் பொகென்டார்ஃப் கூறிய யோசனையின்படி, மின்கலத்தை விடுத்து வெப்பமின்னிரட்டையைப் பயன்படுத்தினார். செம்பும் பிஸ்மத்தும் இணைந்த சந்திகளுள் ஒன்று கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் வைக்கப்பட்டன. இவ்விரண்டின் வெப்பநிலையும் மாறாதாகையால் அழுத்தமும் நிலையாக நின்றது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, தொங்கவிடப்பட்ட காந்த ஊசியின் விலகலைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1826இல் விதி தெளிவாயிற்று. ஃபூரியேயின் வெப்பக் கடத்தல் கோட்பாட்டைப் பின்பற்றி அதற்குக் கணித வடிவம் தந்து, 1827இல் பெர்லினில் நூலாக வெளியிட்டார்.

இதே உறவை இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781 அளவிலேயே கண்டிருந்தார். அவர் வெளியிடாத குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்த பின்னரே உலகம் அதை அறிந்தது. எனவே ஓமின் கண்டுபிடிப்பு தனித்த ஒன்றே.

புறக்கணிப்பும் ஏற்பும்

நூல் வெளிவந்தால் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என ஓம் நம்பியிருந்தார். நடந்ததோ வேறு. இயற்பியலைக் கணிதத்தால் விளக்கும் முறையையே அன்றைய ஜெர்மானிய அறிஞர் சிலர் ஏற்கவில்லை; கடுமையான மதிப்புரைகள் வந்தன. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் சிறு சிறு ஆசிரியப் பணிகளில் ஐந்தாண்டுகள் கழித்தபின், 1833இல் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார்.

ஏற்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. இலண்டன் அரச கழகம் 1841இல் கோப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல்தான் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்தார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றது.

தடையும் திறனும்

ஓமின் விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஆனால் இரண்டாவது ஓமின் விதி அன்று. மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப வெப்பம் உண்டாவதை 1840களின் தொடக்கத்தில் நிறுவியவர் ஜூல். பாடநூல்களில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓமுக்கே உரித்தாக்கிவிடுகின்றனர்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இக்கணக்கின் பயனை நன்கு காணலாம். பாவநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய நூற்பாலை ஆற்றுநீரின் விசையால் இயங்கியது. அவ்விசையை ஆற்றங்கரைக்கு அப்பால் கொண்டுசெல்ல இயலாது. 1944இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய பாவநாசம் நீர்மின் நிலையமோ அதே நீரின் ஆற்றலைக் கம்பி வழியே தொலைவூர்களுக்கு அனுப்பியது. வழியில் எவ்வளவு இழப்பு என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக, 1,000 கிலோவாட் திறனை 2 ஓம் தடையுள்ள கம்பியில் 10,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்புவதாகக் கொள்க (மாறுமின்னோட்டத்தின் சிக்கல்கள் இங்கு விடப்பட்டுள்ளன). மின்னோட்டம் 100 ஆம்பியர்; இழப்பு 100 × 100 × 2 = 20,000 வாட். அழுத்தத்தை 1,00,000 வோல்ட்டாக உயர்த்தினால் மின்னோட்டம் 10 ஆம்பியர். இழப்பு வெறும் 200 வாட். உயர் அழுத்தக் கோபுரங்கள் நிறுவப்படுவது இதனாலேயே.

இங்கு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. அழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தும் திறனைக் காணலாம் என்பதால், 10,000இன் இருமடியை 2ஆல் வகுத்து இழப்பு 5 கோடி வாட் என்பர். அனுப்பிய திறனைவிட இழப்பு 50 மடங்கு ஆகிவிடுகிறது! கம்பியின் இரு முனைகளுக்கு இடையே குறையும் அழுத்தம் 100 × 2 = 200 வோல்ட் மட்டுமே. அதன் இருமடியை 2ஆல் வகுத்தால் முன்பு கண்ட 20,000 வாட்டே கிடைக்கும்.

வீட்டிலும் இதைச் சரிபார்க்கலாம். 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் நீர்சூடேற்றியின் தடை 52.9 ஓம். கோடைக்கால மாலையில் அழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால், தடை ஏறத்தாழ மாறாதிருக்க, அது தருவது சுமார் 612 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, திறன் ஐந்தில் இரு பங்கு குறைகிறது. இழை மின்விளக்குக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. இழை சூடேறும்போது அதன் தடை பலமடங்கு உயர்வதால், குளிர்ந்த நிலையில் அளந்த தடையைக் கொண்டு அதன் திறனைக் கணக்கிடலாகாது.