குன்றுகளை விலைக்கு வாங்கியவர்

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டம் என்றொரு நிலப்பகுதி உண்டு. நீண்ட ஏரிகள், அவற்றைச் சூழ்ந்த பசுங்குன்றுகள், சரிவுகளில் சாந்து இல்லாமல் அடுக்கப்பட்ட கற்சுவர்கள், அவற்றினிடையே மேயும் சாம்பல்நிற ஆடுகள் எனக் கண்ணுக்கு இனிய காட்சிகள் நிறைந்த பகுதி அது. விடுமுறை நாள்களில் நகரத்து மக்கள் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு, பகல் முழுவதும் அங்கு நடந்து களித்து, மாலையில் வீடு திரும்புவர். 1847-ஆம் ஆண்டு விண்டர்மியர் ஏரியின் அருகே வரை தொடர்வண்டிப் பாதை வந்து சேர்ந்தபின் இவ்வழக்கம் பெருகியது. அமைதி குலையும் என்று கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அப்பாதையை எதிர்த்திருந்தார். அவருடைய அச்சம் முழுவதும் பொய்த்துவிடவில்லை. பயணிகளைத் தொடர்ந்து விடுதிகளும், அவற்றைத் தொடர்ந்து செல்வர்களின் மாளிகைகளும் ஏரிக்கரையில் எழுந்தன. காண வருவோரின் பெருக்கமே காணத்தக்க இடத்தை அழித்துவிடுமோ என்னும் கேள்வி பிறந்தது.

அக்கேள்விக்குத் தம் சொந்தப் பொருளைக் கொண்டு விடை தேடியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். பீட்டர் என்னும் முயலின் கதையை எழுதியவராக உலகக் குழந்தைகள் அவரை அறிவர். ஏரி மாவட்டத்து ஆயர்களோ, ஆட்டின் தரத்தைக் கண்டவுடன் கணிக்கக்கூடிய ஹீலிஸ் அம்மையாராக அவரை அறிந்திருந்தனர்.

பியாட்ரிக்ஸ் 1866-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இரு வழித் தாத்தாக்களும் பருத்தித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர்கள். பெற்றோர் அச்செல்வத்தின் நிழலில் வாழ்ந்தனர். அக்காலச் செல்வர் வீட்டுப் பெண்களைப் போலவே அவரும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. ஆசிரியைகள் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். விளையாட்டுத் தோழர்கள் இல்லாத அவருக்கும் தம்பி பெர்ட்ராமுக்கும் முயல், எலி, முள்ளெலி, வௌவால் முதலியவையே உற்ற துணையாயின. அவற்றை உற்றுநோக்கி வரைவதே நாள்தோறும் நடந்த பாடம் எனலாம்.

ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் குடும்பம் இலண்டனை விட்டு நாட்டுப்புறம் செல்லும். 1882-ஆம் ஆண்டு முதன்முறையாக ஏரி மாவட்டத்தில், விண்டர்மியர் கரையிலுள்ள ரே கோட்டை என்னும் மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். அப்பகுதியின் திருச்சபைக் குரு ஹார்ட்விக் ரான்ஸ்லி அங்கு அவர்களுக்கு நண்பரானார். அழகிய நிலங்களைத் தனியாரின் பேராசையிலிருந்து காத்து அனைவருக்கும் பொதுவாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆக்டேவியா ஹில், இராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் இணைந்து 1895-இல் அவர் தொடங்கிய தேசிய அறக்கட்டளை, இன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய நில உரிமையாளர்களுள் ஒன்றாக விளங்குகிறது. பதினாறு வயதுப் பெண்ணின் உள்ளத்தில் அன்று விழுந்த அவ்வெண்ணம் முளைத்து வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின.

இளமையில் அவர் நாட்டம் அறிவியலின்பால் சென்றது. காளான்களை நூற்றுக்கணக்கில் நுண்ணிதாக வரைந்தார். அவற்றின் வித்துகள் முளைக்கும் முறையை ஆராய்ந்து கட்டுரை ஒன்றும் எழுதினார். 1897-இல் அக்கட்டுரை இலண்டன் லின்னேயன் கழகத்தில் முன்வைக்கப்பட்டது. ஆயினும் அக்கூட்டத்தில் அவர் இல்லை. பெண்களுக்கு அங்கு இடமில்லாமையால் அவர் பொருட்டு ஓர் ஆண் அறிஞரே அதனை அளித்தார். கட்டுரை அச்சேறவும் இல்லை. கதவு அடைபட்டதென்று அவர் அழுது ஓய்ந்துவிடவில்லை. வேறு வழியில் நடந்தார்.

அவ்வழி ஒரு கடிதத்தில் தொடங்கியது. 1893-ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் பழைய ஆசிரியையின் மகன் நோயுற்றிருந்தபோது, அச்சிறுவனை மகிழ்விக்க முயல் கதை ஒன்றைப் படங்களுடன் எழுதி அனுப்பினார். பின்னர் அதனை நூலாக்க முயன்றபோது பதிப்பாளர் பலர் மறுத்தனர். 1901-இல் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். மறுத்தவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகத்தார் மனம் மாறி 1902-இல் அதனை வெளியிட்டனர். நூல் பெரும்புகழ் பெற்றது. ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சிறுநூல்கள் தொடர்ந்தன. முப்பத்தாறு வயதுவரை பெற்றோரைச் சார்ந்திருந்தவரின் கையில் முதன்முறையாகச் சொந்த வருவாய் சேர்ந்தது.

அப்பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் அவருடைய நூல்களைச் செம்மையாக்கத் துணைநின்றார். 1905-ஆம் ஆண்டு இருவரும் மணம் செய்துகொள்ள உறுதி பூண்டனர். வணிகக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று பெற்றோர் தடுத்தனர். துணி வணிகத்தில் விளைந்த செல்வத்தை உண்டு வாழ்ந்தவர்கள் இவ்வாறு எண்ணியது வியப்பே. அத்தடையை விதி முந்தியது. ஒரு திங்கள் கழிவதற்குள் நார்மன் குருதிப் புற்றுநோயால் இறந்தார்.

அதே ஆண்டின் இறுதியில், துயரம் ஆறாத நிலையில், ஏரி மாவட்டத்தின் நியர் சாவ்ரி என்னும் சிற்றூரில் ஹில் டாப் என்ற சிறு பண்ணையைப் பியாட்ரிக்ஸ் தம் நூல் வருவாயைக் கொண்டு விலைக்கு வாங்கினார். பெற்றோரைப் பேணும் கடமை இருந்ததால் அவரால் அங்கு நிலையாகத் தங்க இயலவில்லை. வாய்த்த சில நாள்களில் ஓடிச் சென்று, தோட்டம் அமைத்தார், பன்றி, பசு, ஆடு வளர்ப்பதைக் கற்றார், இரவில் வரைந்தார். அவ்வீட்டின் மாடிப்படியும் அடுப்பும் தோட்டத்து வாயிலும் அவர் கதைப் படங்களில் அப்படியே இடம்பெற்றன. பூனைக்குட்டி டாம், வாத்து ஜெமிமா ஆகியோரின் கதைகள் அங்கிருந்தே பிறந்தன. நூல் விற்க விற்க நிலம் வாங்கினார். நிலம் வாங்குவதில் அவருக்கு வழிகாட்டிய வழக்குரைஞர் வில்லியம் ஹீலிஸ் என்பாரை 1913-இல், தம் நாற்பத்தேழாம் வயதில் மணந்துகொண்டார். இம்முறையும் பெற்றோர் எதிர்த்தனர். இம்முறை அவர் பணியவில்லை.

மணமானபின் எழுத்து குறைந்தது. பார்வை மங்கியதும் அதற்கு ஒரு காரணம். இலக்கிய அன்பர்கள் இதனை இழப்பாகக் கருதுவர். அவரோ உழவர் வாழ்வில் முழுமையாக ஆழ்ந்தார். முரட்டுக் கம்பளி உடையும் மரக்காலணியும் அணிந்து மழையிலும் சேற்றிலும் நடந்தார். மழைநாள் ஒன்றில் சாக்கைத் தோளில் போர்த்திச் சென்ற அவரைக் கண்ட நாடோடி ஒருவர், தம்மைப் போன்ற வீடற்றவர் என்றெண்ணி இரக்கத்துடன் பேசியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அதனை அவரே சொல்லி மகிழ்வாராம்.

அவர் மனத்தைக் கவர்ந்தவை ஹெர்ட்விக் என்னும் மலையாடுகள். பிறக்கும்போது கருமையாக இருக்கும் இக்குட்டிகள் வளர வளரப் பழுப்பாகிச் சாம்பல்நிறம் அடையும். கடுங்குளிரிலும் பனியிலும் குன்றின் உச்சியிலேயே வாழ வல்லவை. வேலி இல்லாத பொதுமேய்ச்சல் குன்றில் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய எல்லையைத் தாண்டாமல் மேயும். தாய் ஆட்டின் பின்னே திரிந்து குட்டி அவ்வெல்லையைக் கற்கிறது. மந்தையை விற்றுவிட்டால் அவ்வறிவும் அதனுடனே போய்விடும். வேற்றிடத்து ஆடுகளைக் கொணர்ந்து விட்டால் அவை திசைக்கொன்றாய்ச் சிதறும். ஆகவே பண்ணை கைமாறும்போது மந்தை அந்நிலத்திலேயே தங்குவது அவ்வூர் வழக்கம். பயணிகள் இயற்கையழகு என்று வியக்கும் மொட்டைக் குன்றுகள் இம்மந்தைகளின் வாயால் பல நூற்றாண்டுகளாகச் செதுக்கப்பட்டவை. ஆயர் நீங்கினால் ஆடு நீங்கும். ஆடு நீங்கினால் சுவர் சரியும். குன்றில் புதர் மண்டும். பண்ணைகளை வாழவைக்காமல் காட்சியை மட்டும் காக்க இயலாது என்பதைப் பியாட்ரிக்ஸ் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1923-இல் டிரவுட்பெக் பார்க் என்னும் பெரும்பண்ணையை வாங்கினார். மனை வணிகர் கைக்குப் போகவிருந்த பள்ளத்தாக்கு அது, ஆடுகளும் நோயுற்றிருந்தன. தேர்ந்த ஆயரான டாம் ஸ்டோரியைப் பணியமர்த்தி மந்தையைத் தேற்றினார். பின்னாளில் அவர் வளர்த்த ஆடுகள் கண்காட்சிகளில் பரிசுகள் வென்றன. 1930-இல் மாங்க் கானிஸ்டன் என்ற ஏறத்தாழ 4000 ஏக்கர் நிலம் விலைக்கு வந்தது. துண்டு துண்டாக விற்கப்பட்டால் மாளிகைகள் முளைத்துவிடும் என்றஞ்சி முழுவதையும் தாமே வாங்கி, ஒரு பாதியைத் தாம் கொடுத்த விலைக்கே தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். மறுபாதியையும் தம் காலத்திற்குப் பின் அளிப்பதாக உறுதி கூறினார். இன்று எண்ணற்றோர் குடும்பத்துடன் சென்று சுற்றிவரும் டார்ன் ஹவ்ஸ் என்னும் எழில்மிகு ஏரி அந்நிலத்தில்தான் உள்ளது. அவ்வேரியும் முழுமையான இயற்கைப் படைப்பன்று. முன்னிருந்த செல்வர் அணைகட்டிச் சிறுகுட்டைகளை ஒன்றாக்கி உருவாக்கியது.

பயணிகளை அவர் வெறுத்தாரா என்னும் ஐயம் எழலாம். புகழுக்காகத் தம்மைத் தேடிவருவோரை அவர் பெரிதும் விரும்பியதில்லை. ஆயினும் சாரணியர் இயக்கச் சிறுமியர் தம் நிலத்தில் கூடாரமிட்டுத் தங்க மனமுவந்து இடமளித்தார். விண்டர்மியர் ஏரியின் மீது நீர்விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது, அவற்றின் இரைச்சலை எதிர்த்து 1912-இல் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1927-இல் அவ்வேரிக்கரையின் ஒரு பகுதியில் கட்டடங்கள் எழுவதைத் தடுக்கப் பொருள் தேவைப்பட்டது. பீட்டர் முயலின் படங்களை வரைந்து கையொப்பமிட்டு அமெரிக்க வாசகர்களுக்கு விற்று நிதி திரட்டினார். முயல் மீண்டும் ஒருமுறை நிலத்தை மீட்டது.

1943-ஆம் ஆண்டு ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் தன் அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. பொறுப்பேற்கும் முன்னரே, அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். உடலை எரித்த சாம்பலை டாம் ஸ்டோரி நியர் சாவ்ரியை அடுத்த குன்றில் தூவினார். எந்த இடத்தில் என்பதை ஊரறிய அவர் சொல்லவில்லை.

விருப்ப ஆவணத்தின்படி 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் பண்ணைகளும் மந்தைகளும் தேசிய அறக்கட்டளையைச் சேர்ந்தன. குன்றுப் பண்ணைகளில் ஹெர்ட்விக் இனத்தையே கலப்பின்றி வளர்க்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தார். 1951-இல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாகவும் 2017-இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. இடையே 2001-ஆம் ஆண்டு கோமாரி நோய் பரவியபோது அம்மாவட்டத்து மந்தைகள் பல அழிக்கப்பட்டன; எல்லை அறிந்த ஆடுகளின் அருமையை அன்று பலரும் உணர்ந்தனர்.

ஹில் டாப் வீடு 1946 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அறைகள் அவர் வைத்துச் சென்றவாறே உள்ளன. வீடு சிறியது, வருவோர் மிகுதி. ஆதலால் ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்த சீட்டு வழங்கி, சிலர் சிலராகவே உள்ளே அனுப்புகின்றனர். காத்திருப்போர் தோட்டத்தில் உலவுகின்றனர். அதற்கப்பால் விரியும் மேய்ச்சல் நிலங்களின் ஊடே நடப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மந்தைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க, திறந்த படல்களை மறவாமல் மூடிச் செல்ல வேண்டும் என்பதே நடப்போருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு.