ரிசல்ட்டை அழிக்கிறதுக்கு முன்னாடி

உங்க புராஜெக்ட் ரிசல்ட்டைப் பார்த்துட்டு ஒரு பெரிய ஆள் இதுக்கு வாய்ப்பே இல்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

சிசிலியா பெயினுக்கு அதுதான் நடந்தது. பெண்களுக்குப் பட்டம் தராத கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1923-ல், 23 வயதில், ஆராய்ச்சி மாணவியாக அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்துக்குப் போனார். நட்சத்திர நிறமாலைகளை நம்ம மேக்நாத் சாகாவின் சமன்பாட்டை வைத்து அலசினார். நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று வந்தது. பூமியில் இருக்கும் கலவைதான் சூரியனிலும் என்று நம்பிய காலம் அது. மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஏற்கவில்லை. பெயினும் 1925-ல் தன் ஆய்வேட்டில், அந்த அளவு உண்மையாக இருக்காது என்று எழுதிவிட்டார்.

1929-ல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே விடைக்கு வந்தார்.

பெயின் யாரையும் குத்தம் சொல்லல. சரின்னு தெரிஞ்சும் உறுதியா நிக்காதது தன் தப்புன்னுதான் பின்னாளில் எழுதினார். அடுத்த ரிவ்யூவில் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.