சுரங்கத்துக்குள் இறங்கிய அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் நமக்கு அரசியல் சட்டமும் நீலக் கோட்டும் நினைவுக்கு வருகின்றன. ஊர் முனையில் நிற்கும் சிலையின் கையிலும் புத்தகம்தான். அவர் நான்கு ஆண்டுகள் தொழிலாளர் துறையை நடத்திய கதையை நாம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வதில்லை.

பஞ்சாலைகள் நிறைந்த பம்பாய் பரேல் பகுதியில், நெருக்கடியான வரிசை வீடுகளில் வளர்ந்தவர் அவர். ஆலைக்குள் சாதி எப்படி நுழைந்தது என்பது அவருக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தலித்துகளைச் சேர்க்கவில்லை. காரணம், நாடா. தார் மாற்றும்போது நாடாவின் கண் வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள் மற்றவர்கள். பல வாய் படும் நாடா எல்லோருக்குமே உடல்நலக் கேடு. கேட்டை விட்டுவிட்டுத் தீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்! 1928 வேலைநிறுத்தத்தின்போது, எல்லாப் பிரிவிலும் தலித்துகளுக்கு வேலை வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயங்கித்தான் ஏற்றார்கள்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்திய அமைச்சர். அடுத்த மாதமே அரசு, முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசும் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்த முத்தரப்பு ஏற்பாடு நிரந்தரமானது.

1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார். மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பவில்லை, உள்ளே இறங்கினார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். அடுத்த மாதம், 1944 ஜனவரியில், சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. நிலக்கரி மீது விதித்த தீர்வையில் வீடு, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றுக்கு வழி செய்தார்கள். 1946இல் ஆலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது.

ஒரு கசப்பையும் மறைக்க வேண்டாம். போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டால், பெண்கள் நிலத்தடியில் வேலை செய்ய இருந்த தடையை 1943இல் அரசு தளர்த்தியது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசி, தலித் பெண்கள். சட்டசபையில் அந்த முடிவுக்காக வாதாட வேண்டிய இடத்தில் அம்பேத்கர் இருந்தார். ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் உண்டு என்றார். ஆனாலும் அது அவருக்குப் பெருமை சேர்த்த முடிவு அல்ல என்பதே நம் எண்ணம். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. அவ்வாண்டின் நடுவில் அவர் பதவியிலிருந்து விலகினார்.

அவர் காலத்தில் தொடங்கிய வேலைகள் பின்னால் ஈ.எஸ்.ஐ. சட்டமாகவும் 1948 தொழிற்சாலைச் சட்டமாகவும் வடிவெடுத்தன. ஆனால் ஆபத்தான வேலை நடக்கும் ஆலைகளில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், அதில் நிர்வாகத்துக்குச் சமமாகத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல, 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் சாக வேண்டியிருந்தது. 1987இல்தான் அந்தப் பிரிவு சேர்ந்தது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாராவது மில்லுக்கோ, தோல் ஆலைக்கோ, பட்டாசு ஆலைக்கோ போகிறார்களா? அங்கே பாதுகாப்புக் குழு உண்டா, தொழிலாளர் பக்க நாற்காலியில் உட்காருவது யார், நம் தெருவிலிருந்து யாராவது உண்டா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.