ராபர்ட் பேக்வெல் (1725 - 1795): கால்நடையைக் கணக்குப் போட்டு வளர்த்தவர்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சிப் பகுதியைக் கடந்து போகும்போது, பொட்டலங்களின் மேல் ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு என்று மாட்டினத்தின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கண்ணிலும் இது பட்டிருக்கும். இரண்டு துண்டுகளும் ஒரே எடைதான், ஆனால் இனத்தின் பெயருக்காகவே ஒன்றின் விலை கூடுகிறது. எந்த இனம் தின்ற தீவனத்துக்கு எவ்வளவு இறைச்சி தரும், அந்த இறைச்சி சந்தையில் என்ன விலை பெறும் என்று முறையாக ஒப்பிட்டுப் பார்த்த முன்னோடிகளில் முதலில் சொல்லப்படுபவர் ராபர்ட் பேக்வெல். அவர் உருவாக்கிய மாடுகள், அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் சந்தையில் தோற்றுப்போயின. அவர் காட்டிய முறையோ உலகம் முழுவதும் பரவியது. இந்த முரண்தான் அவர் வாழ்க்கையைச் சுவாரசியமாக்குகிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில், லஃப்பரோ ஊருக்கு அருகில் டிஷ்லி என்ற இடத்தில் 1725ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி பேக்வெல் பிறந்தார். சுமார் 440 ஏக்கர் பண்ணை. சொந்த நிலம் அல்ல, அப்பா காலத்திலிருந்தே குத்தகை. இளம் வயதில் இங்கிலாந்து முழுவதும் சுற்றி, மற்ற பண்ணைகளில் கால்நடைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்து வந்தார். 1760ஐ ஒட்டிப் பண்ணையின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி ஹன்னாதான் வீட்டைக் கவனித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து மாடு முதலில் ஏர் இழுக்க வேண்டும், பிறகு பால் கொடுக்க வேண்டும், உழைத்து ஓய்ந்த பிறகே கறிக்குப் போக வேண்டும். அதனால் உயரமான கால்களும் கனத்த எலும்பும் உள்ள மாட்டையே நல்ல மாடு என்றார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. பல ஊர்களில் உழவுக்குக் குதிரை வந்துவிட்டது. தொழில் நகரங்கள் பெருகி, உடலுழைப்பு செய்யும் ஆயிரக்கணக்கான மக்கள் இறைச்சி வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொழுப்பு வெறுக்கத்தக்க பொருள் அல்ல, மலிவாகக் கிடைத்த சக்தி. போதாததற்கு, மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்ய மாட்டுக் கொழுப்பு தேவைப்பட்டது.

பேக்வெல் இதைக் கவனித்தார். கசாப்புக் கடையில் மாட்டின் எல்லாப் பாகமும் ஒரே விலைக்குப் போவதில்லை. முதுகு, இடுப்பு, பின்தொடைப் பகுதிகளுக்கு நல்ல விலை. கழுத்துக்கும் கால்களுக்கும் குறைந்த விலை. எலும்புக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே தின்னும் புல் எலும்பாகப் போகாமல் விலையுள்ள பாகங்களில் சேரும்படியான மாடுதான் வேண்டும் என்று முடிவு செய்தார். குட்டைக் கால், மெல்லிய எலும்பு, பீப்பாய் போன்ற உடல், சீக்கிரம் கொழுக்கும் குணம் ஆகியவையே அவர் தேடிய அடையாளங்கள்.

இதற்கு அவர் எடுத்துக்கொண்டது நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் இனம். வார்விக்ஷயரிலிருந்து இரண்டு கிடேரிகளையும், வடக்கே வெஸ்ட்மர்லாந்திலிருந்து ஒரு காளையையும் வாங்கினார். இந்த வழியில் பிறந்த டூபென்னி என்ற காளை அவருடைய மந்தைக்கே மூலபுருஷன் ஆனது. அக்கம்பக்கத்தில் காளைகளும் பசுக்களும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருக்க, இவர் இரண்டையும் பிரித்து வைத்து, எதை எதோடு சேர்ப்பது என்பதைத் தானே தீர்மானித்தார். வேண்டிய குணம் வந்த மாட்டை அதன் நெருங்கிய உறவுகளோடேயே திரும்பத் திரும்பச் சேர்த்தார். அப்படிச் செய்தால் கன்றுகள் கெட்டுவிடும் என்று அஞ்சிய காலம் அது.

அவருடைய வீட்டைப் பார்க்க வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். தன் புகழ்பெற்ற மாடுகளின், ஆடுகளின் எலும்புக்கூடுகளை அங்கே வைத்திருந்தார். உப்பு நீரில் ஊறப்போட்ட இறைச்சித் துண்டுகளும் இருந்தன. பாட்டியின் எலும்பு எவ்வளவு தடிமன், பேத்தியின் எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது, கொழுப்பு எவ்வளவு கனம் கூடியிருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிடுவதற்காகவே இந்த ஏற்பாடு. வெவ்வேறு இன ஆடுகளை அருகருகே வளர்த்து, தின்ற தீவனத்தையும் ஏறிய எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அடிக்காமல் அன்பாக வளர்த்ததால் அவருடைய பெரிய காளைகளைச் சிறு பையன்கூட ஒரு குச்சியோடு ஓட்டிப்போகலாம் என்ற நிலை இருந்தது.

செம்மறியில் அவர் அடைந்த வெற்றி இன்னும் பெரிது. நியூ லெஸ்டர் என்ற புதிய வகையை உருவாக்கினார். கடாக்களை விற்காமல், ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். தொடக்கத்தில் வாடகை ஒரு பவுனுக்கும் குறைவு. பிற்காலத்தில் ஒரே பருவத்தில் மூன்று கடாக்கள் 1200 கினி ஈட்டித் தந்தன. வாடகை முறையில் இன்னொரு லாபமும் இருந்தது. ஒரே கடாவின் குட்டிகள் பல பண்ணைகளில், பல வகை மேய்ச்சலில் வளர்ந்தன. எந்தக் கடாவின் குட்டிகள் எங்கும் நன்றாக வருகின்றன என்று பார்த்து, அந்தக் கடாவைத் திரும்பத் தன் மந்தைக்கே பயன்படுத்தலாம். தோற்றத்தைவிடச் சந்ததியை வைத்து மதிப்பிடும் இந்த உத்தியைக் கால்நடை விஞ்ஞானம் 20ஆம் நூற்றாண்டில்தான் புள்ளியியலோடு எழுதி வைத்தது.

அவர் புனிதர் அல்லர். முறைகளை ரகசியமாக வைத்துக்கொண்டார், தானே ஒரு புத்தகமும் எழுதவில்லை. கழித்துக் கட்டிய ஆடுகளை வாங்கியவர்கள் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று, ஈர மேய்ச்சலில் விட்டு ஈரல் நோய் வரச் செய்து கசாப்புக்கு அனுப்பினார் என்று அண்டை அயலார் பேசிக்கொண்டார்கள். புகழ் பரவிய பிறகு பிரான்சிலிருந்தெல்லாம் விருந்தினர் வந்தனர். எல்லோருக்கும் தாராளமாக விருந்து வைத்தார். 1776ஆம் ஆண்டு திவாலானார். பிறகு மீண்டு வந்தார். 1795ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி டிஷ்லியிலேயே இறந்தார்.

இனி அந்தத் தோல்விக்கு வருவோம். பேக்வெலின் லாங்ஹார்ன் மாடுகள் கொழுத்தன, ஆனால் பால் குறைந்தது, சினை பிடிப்பதும் குறைந்தது. அதே சமயம் வடக்கே டார்லிங்டன் அருகே சார்லஸ், ராபர்ட் காலிங் என்ற சகோதரர்கள், டிஷ்லியில் கற்ற முறையையே குட்டைக் கொம்புள்ள ஷார்ட்ஹார்ன் இனத்தில் செய்து பார்த்தார்கள். அந்த மாடு சீக்கிரம் வளர்ந்தது, கறியோடு பாலும் கொடுத்தது. 1810ஆம் ஆண்டு ஏலத்தில் சார்லஸின் காமெட் என்ற காளை 1000 கினிக்குப் போனது. 1822ஆம் ஆண்டு ஷார்ட்ஹார்ன் வம்சாவளிப் பதிவேடு அச்சாயிற்று. விவசாயிகள் லாங்ஹார்னைக் கைவிட்டார்கள்.

எங்கள் மென்பொருள் துறையில் இது பழகிய கதைதான். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பேக்வெல் கொழுப்பையும் எலும்பையும் அளந்தார். பாலையும் சினையையும் கணக்கில் சேர்க்கவில்லை. 1943ஆம் ஆண்டு ஹேசல் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல குணங்களுக்கு அவற்றின் பண மதிப்பைப் பொறுத்து எடை கொடுத்து, ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டும் கணித முறையை வெளியிட்டார். பேக்வெலுக்குத் தேவைப்பட்ட கணக்கு அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் வந்தது.

சந்தையின் ரசனையும் அசையாமல் நிற்கவில்லை. பேக்வெல் காலத்தில் தோலடியில் தடிமனாகப் படிந்த கொழுப்புக்கு மதிப்பு. இன்று தசைக்குள் பளிங்குக் கோடுகள் போல இழையோடும் கொழுப்புக்குத்தான் விலை. ஆங்கஸும் ஜப்பானின் வாக்யூவும் அதனால்தான் முன்னால் நிற்கின்றன. ஏறக்குறைய அழிந்தே போக இருந்த லாங்ஹார்ன் இனத்தையும் சிலர் விடாமல் காப்பாற்றினார்கள். இப்போது இங்கிலாந்தில் ருசிக்காக அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் நூலில் பேக்வெலின் ஆடுகளைச் சான்றாகக் காட்டுகிறார். மனிதன் தேர்ந்தெடுத்தே சில தலைமுறைகளில் உருவத்தை இவ்வளவு மாற்ற முடியும் என்றால், இயற்கையால் முடியாதா என்பது அவருடைய வாதம். சொந்தமாக ஒரு காணி நிலமில்லாமல் குத்தகைப் பண்ணையில் எலும்புகளை அளந்துகொண்டிருந்தவருடைய வேலை, அந்த வாதத்துக்கு ஒரு படிக்கல்லாக அமைந்தது.